கத்திக்கு ஏத்த கையா, கைக்கு ஏத்த கத்தியா?

எனக்கு ஊர் திருவண்ணாமலைன்னு சொன்னா உடனே "கிரிவலம் போயிருக்கீங்களா?"ன்னு கேக்குறாங்க. அது வேற ஊரு, வேற சாமிங்க. நம்மளது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பாத்துக்கிட்டு இருக்குற திருவண்ணாமலை. குன்று மேல நிக்கிறவர் சீனிவாசப் பெருமாள். புரட்டாசி சனிக்கிழமைன்னா ராஜபாளையத்துல இருந்தும் சுத்துப்பட்டியில இருந்தும் சனம் குமிஞ்சிரும். ஒரே பேர்ல ரெண்டு ஊர் இருந்தா மனுசனே குழம்புறான். மெஷின் குழம்பினா? சிரிக்காதீங்க. இதே மாதிரி பேர்க் குழப்பத்துல ரேஷன் கார்டு பறிபோன கதை ஒண்ணு பின்னாடி வருது.

செயற்கை நுண்ணறிவு (இனிமே சுருக்கமா ஏ.ஐ.) இப்ப டீக்கடைப் பேச்சு வரைக்கும் வந்தாச்சு. "மனுசத் தேவைக்கு ஏத்த மாதிரி செய்யணும், அறத்தோட செய்யணும்"னு மாநாட்டுக்கு மாநாடு தீர்மானம் போடுறாங்க. நல்ல விஷயந்தான். ஆனா அந்தத் தீர்மானங்களைப் படிச்சா எனக்குக் கொட்டாவிதான் வருது. யாரோட தேவை? எந்த அறம்? தப்பு நடந்தா யார் பதில் சொல்றது? ஒண்ணும் பிடிபடாது. அதனால தீர்மானத்தையெல்லாம் ஓரமா வச்சுட்டு, நம்ம கரிசக்காட்டுல கிளம்பி மதுரைக்குப் போய், அங்கிருந்து கூகுள் வரைக்கும் போன ஒரு வரலாறு சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கிட்டுப் படிங்க :-)

மில் சங்கு

மெஷினுக்கும் மனுசனுக்கும் உள்ள உறவு ராஜபாளையத்துக்காரனுக்குப் புதுசு இல்ல. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல ராஜபாளையம் மில்ஸை ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா நூல் மில்லுகள். ஊருக்கு வேலை வந்துச்சு, கூலி வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு. அதை யாரும் மறுக்க முடியாது. மில்லு நூலை நம்பிப் பக்கத்துச் சத்திரப்பட்டியில தறி ஓடுது. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்யுறதுக்குப் பேர் போன ஊர் அது.

ஆனா மில்லுக்குள்ள யார் யாருக்கு ஏத்த மாதிரி நடந்தாங்க? மெஷின் நிக்கக் கூடாது, அதனால ராத்திரி ஷிப்டு. இழை அறுந்தா ஓடிப் போய்ப் பிடிக்கணும், அதனால சைடு பாக்குற ஆளு எட்டு மணி நேரமும் நடந்துகிட்டே இருக்கணும். நூல் அறுகாம இருக்க ஈரப்பதம் வேணும், அதனால உள்ள இருக்குறவன் புழுக்கத்துல வேகணும். வீட்டுல எத்தனை மணிக்கு உலை வைக்கிறதுங்கிறதைக் கூட மில் சங்குதான் சொல்லுச்சு. மெஷினைச் செஞ்சவன் நூலை நினைச்சுச் செஞ்சான். பக்கத்துல நிக்கப் போறவனை நினைச்சுச் செய்யல. உலகம் பூரா நூத்தம்பது வருஷமா நடந்தது இதுதான். மனுசன் மெஷினுக்குத் தகுந்தபடி வளைஞ்சான்.

இதுக்கு நேர் எதிரான ஒரு ஆளு, நம்ம பக்கத்துக் கரிசல் மண்ணுல பிறந்தவர்.

வளைஞ்ச விரல்

எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரம். அங்க 1918-ல பிறந்தவர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பின்னாடி உலகமே 'டாக்டர் வி'ன்னு கூப்பிட்டது இவரைத்தான். உறவுப் பெண்கள் பிரசவத்துல செத்துப் போனதைச் சின்ன வயசுல பாத்தவர். மகப்பேறு டாக்டர் ஆகணும்னு நினைச்சார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில 1944-ல படிப்பு முடிச்சு ராணுவ மருத்துவப் பிரிவுக்குப் போனார். அங்கதான் முடக்குவாதம் வந்துச்சு. மாசக்கணக்குல படுக்கை. எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சப்ப கை விரல் எல்லாம் கோணிப் போயிருந்துச்சு. பிரசவம் பாக்குற கனவு போச்சு.

அப்புறம் கண் மருத்துவம் படிச்சார். யோசிச்சுப் பாருங்க... உடம்புலயே நுணுக்கமான ஆபரேஷன் கண் ஆபரேஷன். கத்தி ஒரு மயிரிழை விலகினா பார்வை போச்சு. அதைக் கோணல் விரலை வச்சுக்கிட்டுச் செய்யணும். என்ன செஞ்சார் தெரியுமா? தன் கைக்குப் பிடிபடுற மாதிரி கருவிகளை வடிவமைச்சுக்கிட்டார். அந்தக் கருவிகளைப் பிடிக்கப் பழகினார். அந்தக் கையாலேயே வாழ்நாள்ல ஒரு லட்சத்துக்கும் மேல ஆபரேஷன் செஞ்சார்.

'மனிதரை மையமாகக் கொண்ட வடிவமைப்பு'ன்னு இன்னிக்குப் பெரிய பேர் வச்சுப் பாடம் நடத்துறாங்க. மொத்தப் பாடமும் இந்த ஒரு வரியில அடக்கம்: கை கோணலா இருந்தா கையைக் குத்தம் சொல்லாதே, கத்தியை மாத்து. இந்த வரியைக் கையில வச்சுக்கோங்க. கடைசி வரைக்கும் வேணும்.

வரிசை யாருக்காக?

1976-ல, 58 வயசுல, அரசு வேலையில இருந்து ஓய்வு. எல்லாரும் ஈசிசேர் வாங்குற வயசு. இவர் மதுரையில 11 படுக்கையோட அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சொந்தபந்தமே ஊழியர்கள். தங்கச்சி நாச்சியாரும் கண் டாக்டர், மச்சினர் நம்பெருமாள்சாமியும் கண் டாக்டர்.

இவர் எங்கிருந்து பாடம் எடுத்துக்கிட்டார்ங்கிறது பலருக்கும் தெரிஞ்ச வேடிக்கை. அமெரிக்காவுல மெக்டொனால்ட்ஸ் கடையைப் பாத்துட்டு வந்தார். எந்த ஊர்ல போனாலும் ஒரே ருசி, ஒரே வேகம், கட்டுப்படியாகுற விலை. இட்லி மாதிரி பர்கர் அவிச்சுத் தள்ளுறான். கண்புரை ஆபரேஷனை ஏன் அப்படிச் செய்யக் கூடாது? ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. ஒண்ணுல ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததுல நோயாளி தயாரா இருப்பார். டாக்டர் திரும்பிக்கிட்டா போதும். கிராமத்துப் பொண்ணுகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தாங்க. டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை போக மத்த எல்லா வேலையும் அவுக கையில.

இங்கதான் ஒரு கேள்வி எழும். இதுவும் மில்லு மாதிரி ஒரு வரிசைதானே? ஆமா, வரிசைதான். ஆனா மில்லுல வரிசை நூலுக்காக ஓடுச்சு. இங்க வாசல்ல காத்துக்கிடந்த குருட்டுக் கிழவிக்காக ஓடுச்சு. காசு உள்ளவர் கட்டுவார், இல்லாதவருக்கு இலவசம் அல்லது சொற்ப விலை. வேகம் கெட்டது இல்ல, மெஷினும் கெட்டது இல்ல. யாரை நினைச்சு வேகம்ங்கிறதுதான் கேள்வி.

அடுத்து லென்சு. அந்தக் காலத்துல கண்புரை எடுத்தா உள்ள லென்சு வைக்க மாட்டாங்க, ஒரு தடிச்ச கண்ணாடியை மாட்டி அனுப்புவாங்க. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட தாத்தாக்களை நீங்களும் பாத்திருப்பீங்க. அது கீழ விழுந்து உடைஞ்சா அவர் மறுபடி குருடர்தான். உள்விழி லென்சு வெளிநாட்டுல இருந்து வரணும், ஒண்ணு 100 டாலர் அளவுக்கு ஆகும். ஏழை நாட்டுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது, கண்ணாடியே போதும்னு பெரிய நிபுணர்களே நினைச்ச காலம். அரவிந்த் ஆளுங்க 1992-ல 'அரோலேப்'னு ஒரு தொழிற்சாலை போட்டு மதுரையிலேயே லென்சு செய்ய ஆரம்பிச்சாங்க. விலை 10 டாலர் அளவுக்கு இறங்குச்சு, அப்புறம் இன்னும் இறங்குச்சு. ஏழைக்கு ரெண்டாந்தரம் போதும்ங்கிற கணக்கை உடைச்ச இடம் இது. (இந்தத் தொழிற்சாலைப் பேரையும் ஞாபகம் வச்சுக்கோங்க.)

நூத்துக்கு ஏழு பேர்

இவ்வளவும் செஞ்ச பிறகு 1990-கள்ல ஒரு அதிர்ச்சி. ஊர் ஊரா இலவச முகாம் போட்டாங்க, கூட்டம் அலைமோதுச்சு. ஆனா கிராமத்துல வீடு வீடாப் போய்க் கணக்கெடுத்தா, கண்ணுல கோளாறு உள்ளவங்கள்ல நூத்துக்கு ஏழு பேர்தான் முகாம் பக்கம் வந்திருக்காங்க. மீதி 93 பேர்?

பயம். கூட வர ஆள் இல்ல. ஒரு நாள் கூலி போயிரும். வயசானா கண்ணு மங்கத்தான் செய்யும்ங்கிற நினைப்பு. கூட்டத்தைப் பாத்துச் சந்தோசப்பட்டவங்க, வராதவங்களை எண்ணிப் பாக்கும்போதுதான் நிஜம் தெரிஞ்சுச்சு.

வேற யாராவதா இருந்தா "இலவசமாக் கொடுத்தும் வரலைன்னா நாங்க என்ன செய்ய, விழிப்புணர்வு இல்லாத சனம்"னு ஒரு கட்டுரை எழுதிட்டுப் போயிருப்பாங்க. இவங்க கத்தியை மாத்தினாங்க. 2000-களின் நடுவுல சின்னச் சின்ன ஊர்கள்ல 'பார்வை மையம்' திறந்தாங்க. பயிற்சி பெற்ற பொண்ணு அங்க கண்ணைச் சோதிப்பா, டாக்டர் தேனியில உக்காந்து கணினித் திரையில நோயாளியோட பேசுவார். அந்தக் காலத்துக் கிராம இண்டர்நெட் எப்படி இருந்துச்சுன்னு நமக்குத் தெரியாதா? ஒரு படம் இறங்குறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம்! கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட பெர்க்லி வளாகத்து ஆராய்ச்சியாளர்கள் வந்து, சாதாரண வைஃபை கருவியையே திசை பாத்து நிறுத்துற ஆண்டெனாவோட சேத்து, பல கிலோமீட்டர் தூரம் எட்ட வச்சுக் கொடுத்தாங்க. புதுத் தொழில்நுட்பம் எதுவும் பிரமாதமா இல்ல. இருக்குறதைக் கிழவி வீட்டுப் பக்கம் கொண்டு வந்து வச்சதுதான் பிரமாதம்.

டாக்டர் வி 2006 ஜூலையில காலமானார். ஏ.ஐ.யை அவர் பாக்கல. ஆனா ஏ.ஐ. வந்து நிக்கப் போற திண்ணையை அவர்தான் கட்டி வச்சிருந்தார்.

சர்க்கரை

கண்புரை ஒரு பிரச்சினை. சர்க்கரை வேற மாதிரிப் பிரச்சினை. கண்புரையில பார்வை மங்குறது நமக்கே தெரியும், ஆபரேஷன் செஞ்சா திரும்பி வரும். சர்க்கரைக்காரங்களுக்கு விழித்திரை ரத்தக்குழாய் கசிய ஆரம்பிக்கும்போது ஒண்ணுமே தெரியாது. வலி கிடையாது, மங்கல் கிடையாது. தெரிய வரும்போது பாதி போயிருக்கும், போனது பெரும்பாலும் வராது. முன்னாடியே கண்டுபிடிச்சா லேசர், ஊசின்னு வழி இருக்கு. அதனால சர்க்கரை உள்ள ஒவ்வொருத்தரும் வருசம் ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்துப் பாக்கணும்.

கணக்குப் போடுங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட ஆய்வு 2023-ல வெளிவந்துச்சு. நாட்டுல சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். கண் டாக்டர்களோ சில பத்தாயிரம் பேர்தான், அதுலயும் விழித்திரை நிபுணர்கள் கொஞ்சம். அவங்களும் பெருநகரத்துல. படம் எடுக்க ஆள் கிடைக்கும், படத்தைப் படிக்க ஆள் கிடையாது. மெஷின் வேணும்ங்கிற தேவை இங்க இருந்துதான் பிறந்துச்சு. 'எங்ககிட்ட ஒரு ஏ.ஐ. இருக்கு, இதை எங்க விக்கலாம்'னு யோசிச்சுப் பிறந்தது இல்ல. இந்த வித்தியாசம் முக்கியம்.

54 டாக்டர்கள்

கூகுள் நிறுவனத்து ஆளுங்க அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூர் நாராயண நேத்ராலயா, அப்புறம் அமெரிக்காவுல உள்ள ஒரு பரிசோதனைத் திட்டம், இங்கெல்லாம் இருந்து விழித்திரைப் படங்களை வாங்கினாங்க. பேர், அடையாளம் எல்லாம் நீக்கின படங்கள். பயிற்சிக்கு மட்டும் 1,28,175 படம். ஒவ்வொரு படத்தையும் மூணுல இருந்து ஏழு தடவை வரைக்கும் பாத்து மதிப்பெண் போட, 54 கண் டாக்டர்கள்.

ஒரு படத்துக்கு ஏன் இத்தனை தடவை? ஏன்னா ஒரே படத்தைப் பாத்து ரெண்டு டாக்டர் ரெண்டு விதமாச் சொல்வாங்க. அதே டாக்டரே அதே படத்தை இன்னொரு நாள் பாத்தா வேற சொல்வார். ஜோசியக்காரர் விசயத்துல நாம சிரிப்போம், ஆனா மருத்துவத்துலயும் இது உண்டு. மெஷினுக்கு 'ரத்தக்கசிவு இப்படி இருக்கும், கொழுப்புப் படிவு அப்படி இருக்கும்'னு யாரும் விதி சொல்லிக் கொடுக்கல. படமும் மதிப்பெண்ணும் மட்டும்தான் கொடுத்தாங்க. அதுவா வித்தியாசம் பிடிச்சுக்கிட்டுச்சு. அப்ப மதிப்பெண் போட்டவர் தப்புப் போட்டிருந்தா மெஷினும் அந்தத் தப்பையே படிச்சிருக்கும். ஏ.ஐ. மனுசப் பக்கச்சார்பு இல்லாததுன்னு யாராவது சொன்னா இந்த 54 பேரை நினைச்சுக்கோங்க. மெஷினுக்குள்ள இருக்குறது அவங்க கண்ணுதான்.

2016 டிசம்பர்ல அமெரிக்க மருத்துவச் சங்கத்து இதழ்ல ஆய்வு வந்துச்சு. கட்டுரை எழுதினவங்க வரிசையில அரவிந்த் டாக்டர் கிம், சங்கர நேத்ராலயா டாக்டர் ராஜீவ் ராமன் பேரும் உண்டு. முடிவு அருமை. டாக்டர்களுக்குச் சமானமா மெஷின் கண்டுபிடிச்சுச்சு. உடனே பத்திரிகையெல்லாம் "இனி டாக்டரே தேவையில்லை" ரேஞ்சுக்கு எழுதித் தள்ளினாங்க. சம்பந்தப்பட்டவங்க அவசரப்படல. கணினியில இருக்குற பழைய படம் வேற, வரிசையில வந்து உக்காரும் நிஜ ஆள் வேற. அரவிந்த்லயும் சங்கர நேத்ராலயாவுலயும் 3,049 நோயாளிகளை வச்சு மறுபடி சோதிச்சாங்க. அந்த முடிவு 2019-ல வந்துச்சு. மதுரையில மெஷின் நோயைப் பிடிச்ச அளவு 88.9 சதவீதம். பழைய படங்கள்ல கிடைச்ச 97-ஐ விடக் குறைவு, ஆனா வழக்கமாப் படம் படிக்கிற ஆட்களுக்குச் சமம் அல்லது கொஞ்சம் மேல. அதே 2019-ல மதுரையில நிஜப் பயன்பாட்டுக்கு வந்துச்சு.

தாய்லாந்துல கிடைச்ச குட்டு

அதே மெஷினை 2018 கடைசியில தாய்லாந்துல 11 சுகாதார நிலையங்களுக்குக் கொண்டு போனாங்க. அங்க நடந்ததை ஏ.ஐ. செய்யுற ஒவ்வொருத்தரும் சட்டைப்பையில எழுதி வச்சுக்கணும்.

மெஷின் தெளிவான படம் இல்லைன்னா மதிப்பெண் போடாது. ஜாக்கிரதை உணர்வுதான், நல்லதுதான். ஆனா தெளிவான படத்துக்கு இருட்டு அறை வேணும், அது பல நிலையத்துல கிடையாது. முதல் ஆறு மாசத்துல 1,838 படத்துல 21 சதவீதத்தை மெஷின் "முடியாது"ன்னு தள்ளிருச்சு. தள்ளினா விதிப்படி அந்த ஆளு வேற ஊர் நிபுணர்கிட்டப் போகணும். பல பேருக்குக் கண்ணுல ஒண்ணுமே இருக்காது. ஆனாலும் லீவு போட்டு, பஸ் ஏறி அலையணும். ஒரு நிலையத்துல ரெண்டு மணி நேரம் இண்டர்நெட் போனதுல 200 பேர் பாக்க வேண்டிய நாள்ல 100 பேர்தான் பாக்க முடிஞ்சுச்சு. நொந்துபோன நர்சுகள்ல சிலர், இந்தச் சோதனையே வேண்டாம்னு நோயாளிகள்கிட்ட சொல்ற அளவுக்குப் போயிட்டாங்க.

மெஷினோட கணக்குல தப்பே இல்ல. இருட்டு அறை, பஸ் செலவு, நர்சோட நேரம், இதெல்லாம் கணக்குலயே இல்ல. அதுதான் தப்பு. பாராட்ட வேண்டிய விசயம், கூகுள் ஆராய்ச்சியாளர்களே நிலையங்கள்ல உக்காந்து பாத்து, 2020-ல இதை மறைக்காம வெளியிட்டாங்க. மெஷின் தள்ளின படத்தை அங்கங்க உள்ள நிபுணர் நோயாளியோட குறிப்பையும் சேத்துப் பாத்து முடிவு சொல்லட்டும்னு முறையையும் மாத்தினாங்க. மறுபடி அதேதான். கை கோணலா இருக்குன்னு குத்தம் சொல்லாம கத்தியை மாத்துனது.

நம்ம பக்கம் என்ன ஆச்சு? 2019 ஜனவரில இருந்து 2023 ஜூலை வரைக்கும் 45 இடங்கள்ல ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு இந்த மெஷின் விழித்திரைப் படம் பாத்திருக்கு. அதுல 4,537 பேரோட படத்தைத் தனியா எடுத்து, நிபுணர்களை வச்சு மறுபடி சரிபாத்து, 2025-ல முடிவை வெளியிட்டிருக்காங்க. நோய் கடுமையான கட்டத்துல உள்ளவங்கள்ல 97 சதவீதத்தை மெஷின் சரியாப் பிடிச்சிருக்கு. எனக்கு அந்த 97-ஐ விட 4,537-தான் பெரிசாத் தெரியுது. சர்டிபிகேட் வாங்கிட்டோம், இனி ஓடட்டும்னு விடாம, ஓடுற மெஷினை நிறுத்திப் பிடிச்சுப் பரீட்சை வச்சிருக்காங்க பாருங்க... அறம்னா எனக்கு அதுதான்.

இன்னொண்ணு. அந்த ஒண்ணே கால் லட்சம் படத்துல எத்தனை நம்ம ஊர்ப் பக்கத்துச் சனத்தோட கண்ணு! அவுக கண்ணை வச்சுப் படிச்ச மெஷின் அவுகளுக்கு என்ன திருப்பிக் கொடுக்குதுன்னு கேக்கணுமா இல்லையா? 2024-ல கூகுள் இந்த மெஷினைப் பயன்படுத்துற உரிமையை இந்தியாவுல ஃபோரஸ் ஹெல்த், அரோலேப் ரெண்டுக்கும், தாய்லாந்துல ஒரு நிறுவனத்துக்கும் கொடுத்துச்சு. பத்து வருசத்துல 60 லட்சம் பரிசோதனை, நோயாளிக்குச் செலவில்லாம செய்றது இலக்கு. அரோலேப், ஞாபகம் இருக்கா? 100 டாலர் லென்சை 10 டாலருக்கு இறக்குன அதே ஆளுங்க. இலக்கு நிறைவேறுதாங்கிறதைத்தான் நாம எண்ணிப் பாக்கணும்.

கார் இருக்குன்னு சொன்ன மெஷின்

எல்லா மெஷினும் இப்படி வளர்க்கப்படல. பக்கத்துத் தெலங்கானாவுல 2014-ல இருந்து 2019 வரைக்கும் 18 லட்சத்துக்கும் மேல உணவுப் பாதுகாப்பு கார்டுகளை ரத்து பண்ணினாங்க. முன்கூட்டி நோட்டீஸ் கிடையாது. பல துறைகளோட தகவலை ஒண்ணு சேத்து 'இவருக்குத் தகுதி இல்ல'ன்னு சொல்ற 'சமக்ர வேதிகா'ங்கிற கணினி அமைப்பும் அங்க உள்ள வந்துச்சு. பேர் கொஞ்சம் ஒத்துப்போனா அதுக்குப் போதும். யாரோ ஒருத்தர் கார் வச்சிருப்பார், பேர் ஒத்துப்போன ஏழைக்கு அரிசி கிடையாது. "எங்ககிட்ட கார் இல்லை"ன்னு நிரூபிக்கிற பாரம் கார் இல்லாதவங்க தலையில. இல்லாத காரை எப்படிய்யா காட்டுறது?

உச்ச நீதிமன்றம் 2022-ல, ரத்தான கார்டுகளை நேர்ல போய் மறுபடி சரிபாருங்கன்னு உத்தரவு போட்டுச்சு. முதல் கட்டமாப் பாத்து முடிச்ச ரெண்டு லட்சத்துச் சொச்சத்துல 15,471 பேர் தகுதியானவங்க. கிட்டத்தட்ட நூத்துக்கு ஏழரை. இந்த ஏழரை பேர் வீட்டுல அடுப்பு எப்படி எரிஞ்சிருக்கும்?

ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கண் மெஷின் சந்தேகம் வந்தா மனுசன்கிட்ட அனுப்புச்சு. கார்டு மெஷினுக்குச் சந்தேகம் வந்தா தண்டனை. கண் மெஷினை ஓடும்போதே சோதிச்சாங்க. கார்டு மெஷினைச் சோதிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. கண் மெஷின் வாராத 93 பேரைத் தேடி வந்த பரம்பரையில பிறந்தது. கார்டு மெஷின் வரிசையில நிக்கிறவனை வெளிய தள்றதுக்காகப் பிறந்தது. தொழில்நுட்பம் ரெண்டுலயும் உண்டு. புத்தி எங்க இருந்து வந்துச்சுங்கிறதுதான் வேற.

நம்ம அரசு என்ன சொல்லுது?

தமிழ்நாடு 2020 செப்டம்பர்லயே பாதுகாப்பான, அறம் சார்ந்த ஏ.ஐ.க்குன்னு தனியா ஒரு கொள்கை வெளியிட்டுச்சு. அதுல 'டாம்-டெஃப்'னு ஆறு அம்சம்: வெளிப்படைத்தன்மையும் தணிக்கையும், பொறுப்பேற்பும் சட்டமும், தவறான பயன்பாட்டுல இருந்து பாதுகாப்பு, டிஜிட்டல் இடைவெளியும் தகவல் பற்றாக்குறையும், அறநெறி, நியாயமும் சமத்துவமும். மக்கள்கிட்டக் கொண்டு போறதுக்கு முன்னாடி மதிப்பெண் போட்டுப் பாக்க ஒரு அளவுகோலும் இருக்கு. இதே மாநில மின்னாளுமை முகமைதான் கைபேசியிலயே கண்புரையைக் கண்டுபிடிக்க 'இ-பார்வை'ன்னு ஒரு செயலியையும் கொண்டு வந்துச்சு. ஆறு அம்சமும் அருமை. ஆனா காகிதத்துல இருக்குற அறம், பரீட்சைக்கு முன்னாடி வாங்குன கைடு புக் மாதிரி. பிரிச்சுப் படிச்சாத்தான் மார்க்கு.

எங்க பெரியம்மா ஒருத்தங்க சர்க்கரைக்காரங்க. ஒரு முகாம்ல கண்ணைப் படம் எடுத்து, இங்கிலீஷ்ல ஒரு சீட்டு அடிச்சுக் கொடுத்துவிட்டாங்க. என்னன்னு கேட்டதுக்கு "மெஷின் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுது"ன்னு பதில். பெரியம்மா கேட்டது: "யாருப்பா அந்த மெஷினு? நாளைக்கு ஒரு சந்தேகம்னா அதுகிட்டப் போய்க் கேக்க முடியுமா?" ஆறு அம்சத்தையும் அரைச்சுக் காய்ச்சி வடிகட்டினா இந்தக் கேள்விதான் மிஞ்சும்னு எனக்குத் தோணுது.

அதனால, இனி எந்த ஏ.ஐ. நம்ம வாசலுக்கு வந்தாலும் கேக்க வேண்டியது நாலே நாலு:

1. இது யாரோட தேவையில இருந்து பிறந்துச்சு? வரிசையில நிக்கிறவரோடதா, விக்கிறவரோடதா?

2. வராதவங்களை, தள்ளப்பட்டவங்களை யாராவது எண்ணுறாங்களா?

3. சந்தேகம் வந்தா மனுசன்கிட்ட அனுப்புதா, இல்ல தானே தீர்ப்பு எழுதுதா?

4. தப்புன்னா தமிழ்ல பதில் சொல்ல, பேரும் முகமும் உள்ள ஒரு ஆள் இருக்காரா?

நம்ம பதிவர்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க. இந்த மெஷின்களைச் செய்யுறதே உங்கள்ல சிலர்தான். ஆபீஸ்ல அடுத்த மீட்டிங்ல இந்த நாலுல ஒண்ணையாவது கேட்டுப் பாருங்க. மேனேஜர் முறைச்சா, கோணல் விரலோட ஒரு லட்சம் கண்ணைத் திறந்த மனுசரைப் பத்திச் சொல்லுங்க. அவர் கையை யாரும் நிமித்தல. கத்தியைத்தான் மாத்துனார்.

பி.கு.: வீட்டுல சர்க்கரைக்காரங்க இருந்தா, பார்வை நல்லாத்தானே இருக்குன்னு விட்டுராதீங்க. வருசம் ஒரு தடவை விழித்திரையைப் படம் எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. படிக்கிறது டாக்டரோ மெஷினோ, முதல்ல போய் உக்காரணும்.